விலக்கிய உணவும் விலகாத பழியும்

கடற்கரைப் பங்கு ஒன்றில் நான் பணியாற்றிய நாட்களில், ஏழு வயதுச் சிறுவன் ஒருவனை அவன் தாய் என்னிடம் அழைத்து வந்தார். முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் தோல் தடித்துச் சிவந்து, சொறிந்த இடங்களில் நீர் கசிந்துகொண்டிருந்தது. நம் ஊர்களில் கரப்பான் என்று வழங்கும் நோய் அது; மருத்துவர்கள் அடோபிக் டெர்மடைட்டிஸ் என்பர். மகனுக்காகச் செபிக்கும்படி கேட்டு வந்த அந்தத் தாயிடம் நான் முதலில் கேட்டது, "பிள்ளைக்கு என்னம்மா கொடுத்தீர்கள்?" என்பதே. அக்கறையால்தான் கேட்கிறேன் என்று எண்ணிக்கொண்டேன். அவரோ தலைகவிழ்ந்து, "ஒன்றுமே கொடுப்பதில்லை சாமி" என்றார்.

அது மெய்தான். முதலில் கருவாட்டை நிறுத்தியிருந்தார். பிறகு கத்தரிக்காய், பின்னர் எல்லா மீனும், முட்டையும், பாலும், நிலக்கடலையும். அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு 'கரப்பான் பண்டம்' சொல்லச் சொல்ல, அந்தப் பிள்ளையின் தட்டு சோறும் ரசமுமாகச் சுருங்கிவிட்டது. நோய் போகவில்லை, பிள்ளையின் எடைதான் போயிருந்தது. வீட்டில் மீன் குழம்பு கொதிக்கும்போது அவன் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவான் என்று அவர் சொன்னார்.

நோயுற்றவரைக் காப்பதற்காக உணவை விலக்குவது எதுவரை அன்பாக இருக்கிறது? எந்த இடத்தில் அது தண்டனையாக மாறுகிறது? அன்று தொடங்கிய இக்கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

உணவுக்கும் நோய்க்கும் உள்ள உறவை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மூலிகைகளை அடுக்கவில்லை. அளவறிந்து உண்பதைப் பற்றியே மிகுதியாகப் பேசுகிறார். சித்த மருத்துவம் நோய்க்கும் மருந்துக்கும் ஏற்பப் பத்தியத்தை வகுத்தது. மருந்துண்ணும் காலத்தை ஒட்டி அமைவது பத்தியம். அதற்குத் தொடக்கம் உண்டு; முடிவும் உண்டு.

இன்றைய மருத்துவத்திலும் இதற்கு நிகரான ஒரு முறை இருக்கிறது. ஐயத்துக்குரிய உணவைச் சில வாரங்களுக்கு மட்டும் நிறுத்துகிறார்கள். நோய் தணிகிறதா என்று பார்த்து, பின்னர் அதே உணவை மருத்துவரின் கண்காணிப்பில் மீண்டும் கொடுக்கிறார்கள். நிறுத்தும்போது தணிந்து, கொடுக்கும்போது மீண்டால் மட்டுமே அவ்வுணவின்மேல் குற்றம் சாட்டலாம். ஏனெனில், இந்நோய் தானாகவே ஏறியும் இறங்கியும் வரும் இயல்புடையது. தானாக இறங்கிய வாரத்தில் எதை நிறுத்தியிருந்தோமோ அதன்மேல் பழி விழுந்துவிடும். மீண்டும் கொடுத்துப் பாராத விலக்கு, விசாரணையின்றி வழங்கிய தீர்ப்பேயாகும்.

2008இல் வெளியான ஒரு மறுஆய்வு, 421 பேர் பங்கேற்ற 9 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியது. ஒவ்வாமை உண்டா என்று அறியாமலே பாலையும் முட்டையையும் விலக்கிய கரப்பான் நோயாளருக்குப் பயன் கிடைத்ததற்குப் போதிய சான்று அதில் இல்லை. முட்டை ஒவ்வாமை இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்த குழந்தைகளுக்கு முட்டையை விலக்குவது பயன்படக்கூடும் என்று மட்டும் அது கண்டது. இந்நோய் உள்ளோர் பலரிடம், தோலின் காப்புச் சுவருக்கு உறுதி தரும் ஃபிலாக்ரின் என்னும் புரதத்தின் மரபணுவில் குறை இருப்பது 2006இல் தெரியவந்தது. அவர்களுடைய துன்பத்தின் வேர் அடுக்களையில் இல்லை. பிறக்கும்போதே உடன்வந்த தோலில் இருக்கிறது.

அளவுமீறிய விலக்கு வேறொரு தீங்கையும் செய்யலாம். கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளை வைத்து இலண்டனில் நடந்த ஆய்வு 2015இல் வெளியாயிற்று. நிலக்கடலையை அறவே தவிர்த்த குழந்தைகளில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினருக்கு ஐந்து வயதில் நிலக்கடலை ஒவ்வாமை இருந்தது. மருத்துவர் மேற்பார்வையில் சிறுவயதிலேயே உண்ணத் தொடங்கியவர்களிடம் அது ஏறத்தாழ 3 விழுக்காடே. அஞ்சி விலக்கியதே அச்சத்துக்குரியதை வளர்த்துவிட்டது.

அப்படியானால் விலக்கே வேண்டாமா? அதுவும் சரியன்று. டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் என்னும் தோல்நோய், கோதுமையிலும் வாற்கோதுமையிலும் உள்ள குளூட்டனால் வருவது. அதை உறுதிசெய்துகொண்டவர் வாழ்நாள் முழுவதும் கோதுமையை விலக்கவே வேண்டும். திருச்சபையும் இத்தகையோரை எண்ணிப் பார்த்திருக்கிறது. குளூட்டன் அறவே இல்லாத அப்பத்தை நற்கருணைக்குப் பயன்படுத்த இயலாது. ஆயினும் குறைந்த அளவு குளூட்டன் உள்ள அப்பத்தைப் பயன்படுத்தலாம், அதுவும் ஒவ்வாதவர் இரச வடிவில் மட்டும் நற்கருணை பெறலாம் என்று 2003இல் உரோமை அறிவித்தது. விலக்கு உண்மையாகவே தேவைப்படும் ஒருவரை விருந்திலிருந்து எழுப்பி அனுப்பாமல், அவருக்கும் அங்கே இடம் தேடுவதே முறை.

நோன்பையும் பத்தியத்தையும் நாம் குழப்பிக்கொள்கிறோமோ என்று தோன்றுகிறது. நோன்பு, ஒருவர் தாமே மனமுவந்து மேற்கொள்வது. திருச்சபைச் சட்டம் பதினான்கு வயது நிறைவதற்குமுன் எவரையும் இறைச்சி தவிர்க்கக் கட்டாயப்படுத்துவதில்லை. நோன்புக் கடமையோ பதினெட்டு வயது நிறைந்த பின்னரே தொடங்குகிறது. திருச்சபை சுமத்தத் தயங்கும் சுமையை, முடிவுநாள் குறிக்காமல், ஓர் ஏழு வயதுப் பிள்ளையின்மேல் ஊரே சேர்ந்து சுமத்தியிருந்தது. என் கேள்வியும் அச்சுமையின்மேல் ஏறி அமர்ந்தது.

உடலெங்கும் புண்களோடு சாம்பலில் அமர்ந்திருந்த யோபைக் காண நண்பர்கள் வந்தார்கள். ஏழு நாள்கள் ஒரு சொல்லும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாய்திறந்து, துன்பத்தின் காரணத்தைத் துன்புறுவோரின் நடத்தையில் தேடத் தொடங்கியபோதுதான் பிழை செய்தார்கள். பிறவியிலேயே பார்வையற்றிருந்த மனிதரைக் கண்ட சீடர்களும், பாவம் இவருடையதா பெற்றோருடையதா என்றே கேட்டார்கள். இயேசு அவ்விரண்டையும் மறுத்தார். "என்ன கொடுத்தீர்கள்?" என்ற என் கேள்வி, அந்தப் பழைய கேள்வி அடுக்களை வழியாக வந்ததேயன்றி வேறன்று.

ஒரு மருத்துவர் இதே கேள்வியைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அவர் விடையைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பையும் ஏற்கிறார். விடையைச் சோதிக்கும் அறிவோ பொறுப்போ இல்லாத நாம் கேட்கும்போது, கேட்கப்பட்டவரிடம் பழி மட்டுமே எஞ்சுகிறது.

அந்தச் சிறுவனை ஒரு தோல் மருத்துவர் பரிசோதித்தார். ஈரப்பதம் காக்கும் களிம்பை நாள்தோறும் தடவச் சொன்னார். புண்களுக்கு மருந்து தந்தார். விலக்கிய உணவுகளை ஒவ்வொன்றாகத் தம் மேற்பார்வையில் திரும்பக் கொடுக்கச் செய்தார். முட்டைக்கு மட்டும் தோல் சினந்தது, அதை நிறுத்திவைத்தார். மீனால் ஒன்றும் நேரவில்லை. நோய் முற்றிலும் நீங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பனிக்காலத்தில் திரும்பி வரும், மீண்டும் தணியும். ஆனால் அவன் திண்ணையிலிருந்து உள்ளே வந்துவிட்டான்.

அந்தத் தாயிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "சாமி கேட்டதில் என்ன தப்பு? எல்லாரும் கேட்டதுதானே" என்றார். எல்லாரும் கேட்டதையே நானும் கேட்டேன் என்பதுதான் என் தப்பு.

கரப்பான் உள்ள பிள்ளைகள் இரவில் உறங்குவதில்லை, அரிப்பு விடாது. அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு தாய்மாரும் விழித்திருக்கிறார்கள். இப்போதெல்லாம் அத்தகைய தாய் ஒருவரைக் காணும்போது, "நேற்று இரவு கொஞ்சமாவது தூங்கினீர்களா அம்மா?" என்று கேட்கிறேன். அதற்கு விடை சொல்ல எவரும் தலைகவிழ்ந்ததில்லை.