காட்ஸில்லாவும் ஓரத்தில் ஒரு படகும்

மனதைத் தொட்டுச் சொல்லுங்கள். காட்ஸில்லா வாலைச் சுழற்றி ஒரு பாலத்தை ரெண்டாக உடைக்கும்போது, உங்களுக்கு உள்ளுக்குள் ஒரு குஷி வருமா, வராதா?

எனக்கு வரும். 2021-ல் 'காட்ஸில்லா வெர்சஸ் காங்' தமிழ் பேசிக்கொண்டு வந்தது. ஹாங்காங் நகரமே தரைமட்டமாக, தியேட்டரில் ஒரே விசில். வெளியே வந்ததும் கேட்டால், 'பசங்களுக்காகப் போனேன்' என்கிறோம். எதற்கு இந்தக் கூச்சம்?

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில் அச்சத்தையும் வியப்பையும் சேர்த்திருக்கிறார். அச்சம் பிறக்கும் இடங்களில் அணங்கும் விலங்கும் உண்டு. வியப்பு பிறக்கும் இடங்களில் பிரமாண்டமும் உண்டு. மூன்றையும் ஒரே உருவத்தில் குழைத்தால் காட்ஸில்லா! ஆகவே, 'மட்ட ரசனை' என்று முகம் சுளிப்பவர்களை விட்டுத் தள்ளுங்கள்.

ஆனால், இன்னொரு கேள்வியை அப்படித் தள்ள முடியாது. இடிந்த கட்டடங்களுக்குள் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்?

இதைப் பழவேற்காட்டில் நின்று யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வங்கக் கடல், கரையோரம் மீனவக் குப்பங்கள். 2004 டிசம்பர் 26 அன்று அங்கேயும் கடல் எழுந்து வந்தது. நாலு வருடம்கூட ஆகவில்லை. 2008-ல் 'தசாவதாரம்' க்ளைமாக்ஸில் அதே சுனாமி திரையில் எழுந்தது. நாம் கிராஃபிக்ஸுக்கு மார்க் போட்டோம். வலையையும் படகையும் அந்த அலையில் தொலைத்த ஒருவர் பக்கத்து ஸீட்டில் இருந்திருந்தால் போட்டிருப்போமா?

கரையில் பத்திரமாக இருப்பவனுக்குத்தான் அலை அழகு.

காட்ஸில்லா பிறந்ததே ஒரு மீன்பிடிப் படகின் சோகத்தில்தான். 1954 மார்ச் 1-ம் தேதி பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. சூரை பிடிக்கப் போன ஜப்பானியப் படகில் இருந்த 23 பேர் மீதும் கதிரியக்கச் சாம்பல் கொட்டியது. செப்டம்பரில் அவர்களில் ஒருவர் இறந்தார். நவம்பரில் 'காட்ஸில்லா' ரிலீஸ். அந்த முதல் படம், நகரம் எரிந்ததோடு நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குள் போனது, தாயை இழந்து கதறும் குழந்தையைக் காட்டியது. பிரமாண்டம் இருந்தது, கூடவே பில்லும் இருந்தது. பின்னால் வந்த பல படங்கள் பில்லைக் கிழித்துப் போட்டுவிட்டன.

இதில் என்ன தப்பு என்கிறீர்களா? ரசிப்பது தப்பில்லை. பழக்கம்தான் ஆபத்து. இதே கண்ணால்தான் டி.வி.யில் புயல் செய்தியையும் பார்க்கிறோம். 'செம அலை' என்று சொல்லிவிட்டு அடுத்த சேனலுக்குத் தாவுகிறோம். குப்பத்துக்காரர் சேனல் மாற்ற முடியாது. பயமுறுத்திய அதே கடலுக்குள்தான் விடிவதற்குள் மறுபடி இறங்கியாக வேண்டும்.

அடுத்த முறை ராட்சசன் கடலைப் பிளந்து எழும்போது தாராளமாக விசிலடியுங்கள். திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் படகு கவிழும். அதில் யார் இருந்திருப்பார்கள் என்று ஒரு விநாடி நினைத்துக்கொள்ளுங்கள்.

படம் ஒன்றும் கெட்டுப்போகாது.