உமரி

கார்த்திகை.

மூன்று நாள் மழை விட்டு இன்று வெயில். வேப்பலோடை உப்பளங்களில் வேலை இல்லை. பாத்தி நிறைய மழைத்தண்ணீர். வரப்போரம் உமரிக்கீரை தளிர்த்துக் கிடக்கிறது. பஞ்சாங்கம் இளவேனிலைச் சித்திரையில் வைத்திருக்கிறது. எங்கள் கரைக்குத் துளிர்காலம் ஐப்பசி, கார்த்திகைதான். கரிசல் பக்கம் போனால் பண்ணைக்கீரையும் தொய்யலும் இந்நேரம் முளைத்திருக்கும்.

ஆச்சியோடு முதலில் வந்தபோது எனக்கு எட்டு வயது. "ஏட்டி, வேரோட பிடுங்காத. நுனியக் கிள்ளு. நாளைக்கும் வரணும்லா."

வேகவைத்து வடித்து, மறுபடி அலசிப் பிழிந்து, பாசிப்பருப்பும் தேங்காய்ப்பூவும் சேர்ப்பாள். உப்பு போடமாட்டாள். மண்ணின் உப்பைச் செடியே இலைக்குள் சேர்த்து வைக்கிறது. அதைத் தாங்கத்தான் இலை நீர் கோத்து உருண்டிருக்கிறது. கோடையில் செடி சிவந்துவிடும். அப்போது பறிப்பதில்லை.

மார்கழி.

முத்துக்கும் இப்படி ஒரு பக்குவம் பார்த்தார்கள். கடலடியில் சிப்பி கிடக்கும் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். அரசாங்கம் முதலில் ஆளை இறக்கிச் சிப்பி எடுத்துப் பார்க்கும். முதிர்ந்திருந்தால்தான் முத்துக்குளிப்பு, இல்லையென்றால் வருஷக்கணக்கில் காத்திருப்பு. 1961-தான் கடைசி. அதற்கப்புறம் இங்கே குளிப்பே இல்லை. பதினொரு வருஷம் கழித்து, 1972-இல், இதே வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் முத்து வளர்ப்பில் இறங்கியது. சிப்பிக்குள் மணி வைத்து, 1973 ஜூலையில் உருண்டை முத்தே எடுத்துவிட்டார் அதன் விஞ்ஞானி கே. அழகர்சாமி. அதுவரை மூழ்கிப் பொறுக்கிய பொருள், கீரைப்பாத்தி மாதிரி கவனித்து வளர்க்கிற பொருளாயிற்று.

எனக்கும் அந்த ஆசை வந்ததுதான். சிறுவயதிலிருந்து தோட்டம் போடுகிறவள், ஒரு களைச்செடியை வளர்க்க முடியாதா? போன வருஷம் ஒரு கொத்தைத் தொட்டியில் வைத்தேன். செம்மண், மட்கிய சாணம், குழாய்த் தண்ணீர். விருந்தாளியைப் போலத்தான் கவனித்தேன். செடி வளர்ந்தது, இலை மட்டும் மெலிந்துகொண்டே போனது. கடித்துப் பார்த்தால் சப்பென்றிருந்தது.

பிறகுதான் எங்கள் வீட்டுப் போர் தண்ணீர் நினைவுக்கு வந்தது. அவரை, கத்தரி, இரண்டு ரோஜா என்று வரிசையாகக் கருக்கிய உப்புத் தண்ணீர். அதையே வாரம் இருமுறை ஊற்றினேன். ரோஜா கருகிய தண்ணீரில் உமரி தடிக்கத் தொடங்கியது.

தை.

உப்பளத்தில் வரப்பு செதுக்குகிறார்கள். அங்கே இனி உமரி மிஞ்சாது. தொட்டியில் கிள்ளியதைக் கொண்டுபோய் அடுக்களையில் வைத்தேன். மருமகள் பழக்கத்தில் உப்பு போட்டுவிட்டாள். வாயில் வைக்க முடியவில்லை. "கீரைக்கு உப்பு போடாம எப்படி அத்தை?" என்கிறாள்.