திருவாதிரையும் அந்நாளிற் பிறந்தாரும்

அசுவினி முதலாக எண்ணப்படும் 27 நாண்மீன்களுள் திருவென்னும் அடைபெற்று வழங்குவன இரண்டே. ஒன்று ஓணம், மற்றொன்று ஆதிரை. ஆதிரை எண்முறையில் 6-ஆவது. மிதுனவிராசியில் 6 பாகை 40 கலை முதல் 20 பாகை வரை அதற்குரிய இடமாம். ஒற்றை மீன், செந்நிறத்தது, அதிதேவதை உருத்திரன். ஆர்த்திரம் என்னும் வடசொல் ஈரமெனப் பொருள்படும். அதுவே ஆதிரையென மருவிற்று. ஆனித் திங்களின் முதல் வாரம் கழியும்பொழுது ஞாயிறு இம்மீனிற் புகும். மலைநாட்டார் அந்நாட்களைத் திருவாதிரை ஞாற்றுவேலையென்று போற்றி, இடையறாத மழையில் மிளகுக்கொடி நடுவர். ஆகலின் ஈரமென்னும் பெயர் வெறும் புனைவன்று.

இனி, ஐயம் நிகழுமிடத்துக்கு வருவாம். வராகமிகிரர் தமது பிருகத்சாதகத்தில் இந்நாளிற் பிறந்தானை வஞ்சகன், செருக்குடையவன், கொடியன், நன்றி கொன்றவன், பிறரை வருத்துவோன், பாவி என்று அடுக்கிக் கூறுகின்றார். சிவபெருமானுக்குரிய நாள் இத்தகையோரை ஈனுமோ? சொற்பொழிவொன்றின் முடிவில் ஒரு தந்தையார் இதனை என்னிடம் வினவினர். ஆதிரையிற் பிறந்த பெண்ணென்று அவர்தம் மகளை இரண்டு குடும்பத்தார் வேண்டாவென்றனராம். நூற்பயிற்சியால் எழுந்த வினாவன்று அஃது.

சிலர் வஞ்சகமென்பது சாமர்த்தியமே, கொடுமையென்பது வீரமே எனப் பொருள் மாற்றிச் சமாதானங் கூறுவர். அது நூலைத் திரிப்பதேயன்றி விடையாகாது. சோதிட நூலார் தாமே சந்திரபலமும் ஏனைக் கோள்களின் சேர்க்கை பார்வைகளும் நோக்கியே பலன் துணிக என்பர். அதுவும் நிற்க. சித்தாந்தம் யாது கூறும்?

மீனும் கோளும் மாயையின் காரியம், ஆதலிற் சடம். வினையும் சடமே. சடமாகிய வினை தன்னைச் செய்தவனைத் தானே அறிந்து சென்று பொருந்தமாட்டாது. அறிவுடைய முதல்வனே அதனைக் கூட்டுவிப்பான். வினையே அங்ஙனமாயின், வானத்து மீன் ஓருயிர்க்குக் குணத்தை எங்ஙனம் படைக்கும்? நாழிகை வட்டில் பொழுதைக் காட்டுமன்றி ஆக்காது. சாதகமும் பிராரத்தம் நுகரப்படும் முறையைக் காட்டுவதோர் அடையாளம், அவ்வளவே. 2019-ஆம் ஆண்டின் இறுதியில் இச்செம்மீன் ஒளி மழுங்கத் தொடங்கி, 2020 பெப்ருவரியில் மிகக் குன்றிப் பின்னர் மீண்டது. அம்மீனே உமிழ்ந்த தூசு அதனை மறைத்ததென்று வானநூலார் கண்டனர். அதன் ஒளி நம்மை எய்தப் பல நூறாண்டுகள் கழியும். அம்மழுக்கத்தால் ஆதிரையிற் பிறந்தார் எவரேனும் குணந்திரிந்தனரோ?

அங்ஙனமாயின் செருக்கும் நன்றி மறத்தலும் யாண்டிருந்து வந்தன? ஆணவத்தினின்றும் வந்தன. அது ஆதிரையார்க்கு மட்டும் உரியதோ? தநு கரண புவன போகங்களைத் தந்தானை மறந்து யான் எனதென்று திரிகின்ற நாமனைவேமும் நன்றி கொன்றாரே. வராகமிகிரர் ஒருநாட்குச் சொன்னது சகலராகிய நம் எல்லார்க்கும் பொருந்தக் காண்கின்றேன். இவ்விழுக்குகளுக்காக ஒரு பெண்ணை ஒதுக்குவோர் தம் சாதகத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று.

உருத்திரன் என்னும் நாமத்துக்கு அழச்செய்வோன் என்றும், துன்பத்தை ஓட்டுவோன் என்றும் இருவகையாகப் பொருளுரைப்பர். இந்நாளுக்குக் கண்ணீர்த்துளி அடையாளமாகக் கூறப்படுவதும் அறியற்பாலது. இடியும் காற்றும் முந்த, மழை பிந்திவரும். வினைப்பயனை ஊட்டுங்கால் வெம்மையாகத் தோன்றுவது மறக்கருணையேயாம். மலம் பரிபாகமுற்ற உயிர் கசிந்து அழும் அழுகையும் ஈரமே. உருகாத நெஞ்சினனாகப் பிறந்தவனுக்கு ஈரமென்று பெயரிட்ட நாளே வாய்த்ததனை நான் சாபமாகக் கொள்ளேன்.

பரிகாரம் விலைகூறுவாரிடம் பொருளிழப்பார் ஒன்று நினைதல் வேண்டும். திருமறைக்காட்டில் நாளுங் கோளும் நல்லவல்லவென்று அப்பரடிகள் தடுத்தபொழுது, ஆளுடைய பிள்ளையார் கோளறு பதிகம் பாடி மதுரைக்கு எழுந்தருளினர். எந்தக் கோளுக்கும் தனிவழிபாடு ஆற்றினாரல்லர். அவ்வப்பரடிகளே திருவாரூரில் ஆதிரைநாட் சிறப்பைக் கண்டு, திருப்புகலூரிற் பிள்ளையார் வினவத் தனிப்பதிகத்தால் உரைத்தனர். அவ்விழாவிற் குழுமினோரைக் கூறுமிடத்து நல்லாரோடு தீயாரையும் உடன்வைத்தே எண்ணுகின்றார். அவர் எவரையும் எந்நாளிற் பிறந்தாயென்று வினவினாரில்லை.