கைவிடுதல் வேறு, ஒப்படைத்தல் வேறு



போளூரை அடுத்த திருமலையில், ஏறத்தாழ 16 அடி உயர நேமிநாதர் திருவுருவின்முன் நிற்கும்போது அவரது துறவின் காரணத்தை நினைக்கிறோம். மணக்கோலத்தில் சென்றவர், திருமண விருந்துக்காக அடைக்கப்பட்ட விலங்குகளின் ஓலம் கேட்டார். தம் பொருட்டு அவை துன்புறுவதை உணர்ந்தார். மணத்தைத் துறந்து தவம் ஏற்றார்.

நம் பொருட்டு அடைபட்ட உயிர்கள் நம் வீட்டிலும் உண்டு. பிழைப்பை நாடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் நாம் குடிபெயர்கிறோம். அடுக்குமாடி வீட்டில் நாய்க்கு இடமில்லை; முதியோர் மட்டும் எஞ்சிய கிராமத்து வீட்டில் பசுவைப் பேண ஆளில்லை. அப்போது, "அண்ணாமலை கிரிவலப் பாதையில் விட்டுவிடுவோம், அன்னதானம் நடக்கும் இடம், பிழைத்துக்கொள்ளும்" என்கிறோம். இது கருணைபோல் தோன்றும், கருணையன்று. அந்த 14 கிலோமீட்டர் பாதையில் பௌர்ணமியன்று சோறு கிடைக்கலாம். மறுநாள்? வண்டிகளின் விரைவும் தெரு நாய்களின் பகையும் வீட்டில் வளர்ந்த நாய் அறியாதவை.

கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகையாகச் சுமையேற்றுதல், ஊணும் நீரும் தடுத்தல். நம் கையையே நம்பிய உயிரை வழியில் விடுவது ஐந்தாவது குற்றமேயாகும். பசி தாகத்தால் துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றமே.

அப்படியாயின், பேண இயலாதவர் என் செய்வது? ஒப்படைக்கலாம். அதற்கும் முறையுண்டு. 1926இல் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஓர் அன்பர் பசுவையும் கன்றையும் ரமணாசிரமத்திற்குக் காணிக்கையாகக் கொணர்ந்தார். 'இங்கே இவற்றைப் பார்த்துக்கொள்வது யார்?' என்பதே ரமணரின் முதற்கேள்வியாயிருந்தது. அன்பர் ஒருவர் பொறுப்பேற்ற பின்னரே அவை தங்கின. வசதி போதாமையால் பின்னர் நகரில் ஒருவரிடம் வளர்க்க விடப்பட்டன. அக்கன்றே இலட்சுமி. பின்னாளில் ஆசிரமத்திலேயே வாழ்ந்து 1948 ஜூன் 18இல் மறைந்த அதன் சமாதியை இன்றும் காணலாம். ஒப்படைப்பவர் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.

புகலிடம் அமைப்பது நம் சமயத்தார் மரபு. குசராத்தில் உள்ள பிஞ்சராபோல்கள் அதற்குச் சான்று. எனினும் புகலிடம் நம் பாரத்தை இறக்கிவைக்கும் சுமைதாங்கியன்று. முதலில் உற்றார், அண்டை வீட்டார் இடையே நல்ல இல்லம் தேடுவோம். கிடைக்காவிடில் புகலிடத்தாரிடம் இடமுண்டா எனக் கேட்டு, நேரில் கொண்டு செல்வோம். வயது, நோய், தடுப்பூசி, கடிக்கும் பழக்கம் ஆகியவற்றை மறைக்காமல் கூறுவோம். மறைத்தால் வாய்மை விரதமும் கெடும். தீவனத்திற்கும் மருந்திற்கும் மாதந்தோறும் இயன்றதை அனுப்புவோம். ஆகாரம், ஔடதம், அபயம் என்னும் மூன்று தானங்கள் அவ்வொரு செயலில் அடங்கும்.

குழந்தை கேட்டதென்று குட்டி வாங்குமுன், அதன் பத்துப் பதினைந்து ஆண்டு வாழ்நாளை எண்ணுவோம். பேண இயலாததைக் கொள்ளாமையும் மிகுபொருள் விரும்பாமையே.

வாசலில் நம் காலடியோசைக்குக் காத்திருக்கும் உயிருக்கும் நம்முடையதைப் போன்ற ஆன்மாவே உள்ளது. அதற்கு அபயம் அளித்தோமா என்று இன்றிரவு நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

அறம் வளர்க!