தாழ்ந்த வாளும் தந்த வாக்கும்

போர்க்களத்தில் உயிரைக் கொடுப்பவனுக்கும் அவனை அக்களத்துக்கு அனுப்புபவனுக்கும் இடையே உள்ள உறவு எத்தகையது? தமிழ் மரபு இதனைச் செஞ்சோற்றுக் கடன் என்னும் தொடராற் குறித்து வந்துள்ளது. உண்ட சோற்றுக்கு உயிரையே ஈடாகக் கொடுத்தல் வீரனின் அறம் என்பது அதன் பொருள். தன்னைப் பேணிய தலைவனின் கண்கள் நீர் மல்குமாறு இறத்தல் கூடுமாயின் அவ்விறப்பு இரந்தேனும் பெறத்தக்கது என்னும் கருத்தோடுதான் வள்ளுவரும் தமது படைச்செருக்கு அதிகாரத்தை நிறைவு செய்கின்றார். ஆயின் கடன் என்பது இருதலையானது. வீரன் தலைவனுக்குப் பட்ட கடன் விரிவாகப் பாடப்பட்ட அளவுக்குத் தலைவன் வீரனுக்குப் பட்ட கடன் ஆராயப்படவில்லை. கண்ணீர் மல்க வேண்டிய தலைவனே தன் வீரனைப் பகைவர் கையில் ஒப்புவிப்பானாயின் அங்கு அறம் எத்தரப்பில் நிற்கும்? இவ்வினாவைக் கற்பனையில் எழுப்பிப் பார்க்க வேண்டியதில்லை. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த குஞ்ஞாலி மரைக்காரின் வாழ்வு அதனை முழு வடிவில் நம்முன் நிறுத்துகின்றது.

மரைக்கார் என்ற சொல் கீழ்க்கரையோர மக்களுக்குப் புதியதன்று. அறுகம்பேயிலிருந்து வடக்கே பொத்துவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை எனத் தொடரும் முஸ்லிம் ஊர்களிலே தாய்வழி வரும் குடிகள் தத்தம் சார்பிற் பள்ளிவாசல் நிருவாகத்துக்கு ஒருவரை நியமிப்பது நெடுங்கால வழக்கமாய் இருந்தது. அவ்வாறு நியமிக்கப்பட்டவரே மரைக்கார் எனப்பட்டார். இச்சொல்லை மரக்கலம் என்பதோடு தொடர்புபடுத்துவோர் உளர். அவ்விளக்கம் எவ்வாறாயினும், கடலோடிகளையும் வணிகரையும் குறித்த ஒரு பெயர் இக்கரையிலே ஊராரின் நம்பிக்கையைத் தாங்குபவரைக் குறிக்கும் பெயராகியமை கருத்திற் கொள்ளத்தக்கது.

1498இல் வாஸ்கோ த காமா கள்ளிக்கோட்டைக் கரையை அடைந்த பின்னர் இந்துமாக்கடலின் வாழ்வு முறை மாறத் தொடங்கிற்று. அதுகாறும் எவருக்கும் உரியதாகக் கருதப்படாத கடலிலே, தமது அனுமதிச் சீட்டின்றி எம்மரக்கலமும் செல்லலாகாது எனப் போர்த்துக்கேயர் விதித்தனர். மிளகு வணிகத்தால் வளம் பெற்றிருந்த கள்ளிக்கோட்டையின் அரசனாகிய சாமூதிரிக்கு இது வாழ்வா சாவா என்ற சிக்கலாயிற்று. அவனிடம் நிலப்படை இருந்தது. கடலில் அந்நியரை எதிர்க்கத்தக்க வலிமை இருக்கவில்லை. அக்குறையை நிறைவு செய்தவர்கள் மரைக்கார்களாவர். கொச்சியில் வணிகராயிருந்து, போர்த்துக்கேயரின் கெடுபிடியால் வணிகம் இழந்து வடக்கே பெயர்ந்த இக்குடும்பத்தார் தம் கலங்களையும் ஆட்களையும் சாமூதிரியின் பணிக்கு அளித்தனர். துடுப்பால் விரைந்து செல்லும் சிறுகலங்களைக் கொண்டு, காற்றை நம்பிய பெருங்கலங்களை மறைந்திருந்து தாக்குவது இவர்தம் போர்முறையாகும். சாமூதிரி அளித்த குஞ்ஞாலி என்னும் பட்டத்தை ஒருவர் பின் ஒருவராக நால்வர் தாங்கினர். பதினாறாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் மலையாளக் கரையின் கடற்போர் இவர்களின் பெயராலேயே நடைபெற்றது.

இப்போரின் அலை இலங்கையையும் தொட்டது. கோட்டை அரசன் ஏழாம் புவனேகபாகு போர்த்துக்கேயரைச் சார்ந்து நின்றபோது, அவன் தம்பியாகிய சீதாவாக்கை மாயாதுன்னை சாமூதிரியின் கடற்படையைத் துணைக்கு அழைத்தான். 1538இல் இராமநாதபுரக் கரையில் உள்ள வேதாளையில் மரைக்கார்களின் படை பெருந்தோல்வி கண்டது. அதன் பின்னரும் அவர்கள் மாயாதுன்னைக்கு உதவ இலங்கைக்கு வந்தனர். ஆனால் 1539இல் மிகேல் பெரேராவின் தலைமையில் வந்த போர்த்துக்கேயப் படைக்கு முன் நிற்க இயலாத மாயாதுன்னை, தனக்காக வந்த அத்தலைவர்களைக் கொல்வித்து அவர்தம் தலைகளைப் பகைவருக்கு அனுப்பிச் சமாதானம் பெற்றான் எனப் போர்த்துக்கேய வரலாற்று நூல்கள் கூறுகின்றன. துணைக்கு வந்தவனின் தலையே சமாதானத்தின் விலையாகியது. அறுபது ஆண்டுகளின் பின் மலையாளக் கரையிலும் இதே விலை கொடுக்கப்பட்டது.

நான்காம் குஞ்ஞாலியாகிய முகம்மது அலி மரைக்கார் 1595இல் தலைமை ஏற்றார். வடகரைக்கு அண்மையில், ஆற்றுமுகத்தில் அமைந்த புதுப்பட்டணக் கோட்டை அவர் வசமாயிற்று. முன்னவராகிய மூன்றாம் குஞ்ஞாலி சாமூதிரியின் இசைவோடு கட்டிய கோட்டை அது. புதியவர் அதனை மேலும் வலுப்படுத்தினார். அவர் தம்மைச் சோனகரின் அரசர் என்றும் இந்தியக் கடல்களின் அதிபதி என்றும் அழைத்துக்கொண்டார் என்பர். சாமூதிரியின் யானை ஒன்றின் வாலை அறுத்தார் என்றும் குற்றஞ் சாட்டப்பட்டார். இச்செய்திகளிற் பெரும்பாலானவை அவர்தம் பகைவரின் ஏடுகள் வழியாகவே கிடைத்துள்ளமையால் அவற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. ஆயினும் சாமூதிரியின் அச்சத்தை முற்றிலும் பொய்யெனத் தள்ளிவிடவும் இயலாது. தன் நாட்டினுள்ளே தான் நுழைய முடியாத ஒரு கோட்டை எழுவதை எவ்வரசனும் பொறுப்பதில்லை. தளபதியின் புகழ் அரசனின் புகழை மீறும்போது இருவர்க்கும் இடையே ஐயம் தோன்றுதல் உலக இயல்பேயாகும்.

அவ்வையத்தைப் போர்த்துக்கேயர் பயன்படுத்திக்கொண்டனர். நூறாண்டுக் காலம் பகைவராயிருந்த இரு தரப்பாரும் ஒரு மனிதனை அழிக்க உடன்பட்டனர். 1599இல், வாஸ்கோ த காமாவின் கொள்ளுப்பெயரனாகிய லூயிஸ் த காமா நடத்திய முதல் முற்றுகை பேரிழப்போடு முறியடிக்கப்பட்டது. பின்னர் அந்திரே பூர்த்தாதோ த மெந்தோன்சா கடல்வழியை அடைக்க, சாமூதிரியின் நாயர் படை நிலவழியை அடைத்தது. உணவு குன்றி, துணை அற்று, இனிப் பொருதல் இயலாதென்ற நிலையிலே குஞ்ஞாலி தம் பழைய அரசனிடமே சரணடைய முன்வந்தார். உயிருக்கு ஊறு நேராது என்ற உறுதி சாமூதிரியால் அளிக்கப்பட்டது. 1600 மார்ச்சு மாதத்திலே, தலையிற் கரிய துணி அணிந்து, வாளின் முனையை நிலம் நோக்கித் தாழ்த்தி வந்து, அவ்வாளைச் சாமூதிரியின் கையிற் கொடுத்தார். அருகே நின்ற போர்த்துக்கேயர் உடனே அவரைப் பற்றிக்கொண்டனர். நாயர் வீரர் இதனைக் கண்டு கொதித்தெழுந்தனர் எனச் சொல்லப்படுகின்றது. அரசன் அவர்களை அடக்கினான். குஞ்ஞாலி கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுத் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். உடல் துண்டு செய்யப்பட்டுப் பொதுவிடங்களிற் காட்சிக்கு வைக்கப்பட்டது. தலை உப்பிடப்பட்டுக் கண்ணனூருக்கு அனுப்பப்பட்டது.

சாமூதிரியின் செயலை நியாயப்படுத்துவோர் இரு வாதங்களை முன்வைக்கக்கூடும். முதலாவது, குஞ்ஞாலி தம் எல்லையை மீறியவர். ஆதலின் அவருக்கு அளித்த வாக்கு அரசனைக் கட்டாது என்பது. பழைய ரோமத்துச் சிந்தனையாளராகிய சிசரோ இத்தகைய கருத்தை உடன்பட்டவர். கடற்கொள்ளையன் மனிதகுலம் முழுமைக்கும் பகைவன், அவனுக்கு ஆணையிட்டுக் கொடுத்த உறுதியும் உறுதியாகாது என அவர் கடமைகள் பற்றிய தமது நூலில் எழுதினார். போர்த்துக்கேயரும் குஞ்ஞாலியைக் கடற்கொள்ளையன் என்றே அழைத்தனர். ஒருவனுக்கு எப்பெயரைச் சூட்டுகின்றோம் என்பதைக் கொண்டே அவனுக்குரிய அறத்தைப் பறித்துவிடக்கூடிய ஆபத்து இவ்வாதத்தில் உள்ளது. கடல் எவருக்கும் உரியதன்று என்று கருதியவன் பார்வையில், அனுமதிச் சீட்டு விற்றவனே கொள்ளையன் அல்லனோ?

இதற்கு மறுமொழி குஞ்ஞாலி இறந்து 25 ஆண்டுகளின் பின் ஒல்லாந்து நாட்டுச் சட்ட அறிஞராகிய கிரோசியஸிடமிருந்து வந்தது. இந்துமாக்கடலிற் போர்த்துக்கேயருக்குத் தனியுரிமை இல்லை என 1609இல் வாதிட்டவர் அவர். போரினதும் சமாதானத்தினதும் சட்டம் பற்றி 1625இல் வெளியிட்ட நூலிலே சிசரோவை மறுத்து, கொள்ளையருக்கும் கலகக்காரருக்குங்கூடக் கொடுத்த வாக்கைக் காத்தல் வேண்டும் என அவர் நிறுவினார். இக்கருத்தின் ஆழம் நோக்கற்பாலது. வாக்கு என்பது பெறுபவனின் நற்குணத்துக்குக் கொடுக்கும் பரிசில் அன்று. அது கொடுப்பவன் தன்னைத்தானே கட்டிக்கொள்ளும் கட்டு. சாமூதிரி வாக்களித்த நாளில் குஞ்ஞாலியின் குற்றங்கள் அனைத்தையும் அறிந்தே இருந்தான். அறிந்தும் வாக்களித்தவன், பின்னர் அக்குற்றங்களையே காட்டி வாக்கைத் துறத்தல் எவ்வாறு பொருந்தும்? மேலும், அவ்வாக்கினாற் சாமூதிரி ஒரு பயனையும் பெற்றான். வாள் தாழ்ந்தமையே அப்பயன். விலையைப் பெற்றுக்கொண்டு பொருளைக் கொடாதவனின் செயலை எச்சந்தையும் வணிகம் என ஏற்பதில்லை.

இரண்டாவது வாதம் நாட்டின் நலன் பற்றியது. ஒருவனின் உயிரினும் நாட்டின் அமைதி பெரிது என்பர். இவ்வாதத்தை வரலாறே சோதித்துப் பார்த்துவிட்டது. 1604இல் இதே கள்ளிக்கோட்டை அரசு, போர்த்துக்கேயரை வெளியேற்றும் நோக்குடன் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்துகொண்டது. நான்கே ஆண்டுகளுக்கு முன் கோவாவுக்கு அனுப்பிய கையைப் போன்ற ஒரு கையை அது அந்நியரிடம் இரந்து நிற்க நேர்ந்தது. பயன் கருதி அறத்தை விற்றவனுக்குப் பயனும் நிலைக்கவில்லை.

இவ்விடத்து, அதே நூற்றாண்டில் ஐரோப்பாவில் வாழ்ந்த மற்றொரு தளபதியின் வாழ்வை ஒப்புநோக்குதல் பொருந்தும். போலந்து நாட்டின் பிரபுக் குடும்பத்திலே 1488இற் பிறந்த யான் தார்நோவ்ஸ்கி, இளமையில் உலகப் பயணம் மேற்கொண்டு, ஆபிரிக்கக் கரையிற் போர்த்துக்கேயருக்காகப் பொருது, மன்னன் மானுவேலிடம் வீரப்பட்டம் பெற்றவர். வாஸ்கோ த காமாவை இந்தியாவுக்கு அனுப்பிய மன்னனும் இம்மானுவேலே. ஆபிரிக்கக் கரையிலே தார்நோவ்ஸ்கி எதிர்த்த மக்களையும் இலங்கைச் சோனகரையும் போர்த்துக்கேயர் மூர்கள் என்ற ஒரே பெயரால் அழைத்தனர். நாடு திரும்பிய அவர் தலைமைத் தளபதியாகி, 1531இல் ஓபெர்தின் என்னுமிடத்திலே தம்மினும் பெரிய மொல்தாவியப் படையை வென்றார். போர்க்கலை பற்றி நூலும் எழுதினார். அவரும் செல்வத்தாலும் புகழாலும் அரசனுக்கு அச்சம் தரத்தக்கவரே. அரசி போனாவின் கொள்கைகளை வெளிப்படையாக எதிர்த்தவரே. ஆயினும் 1561இல், முதுமையடைந்து இயற்கையாகவே இறந்தார். குஞ்ஞாலியினும் பணிவுடையவராயிருந்தமையால் அவர் பிழைத்தார் எனக் கொள்வதற்கில்லை. நீதிமன்றத் தீர்ப்பின்றிப் பிரபு எவரையும் சிறைப்பிடித்தலாகாது என்ற உறுதியைப் போலந்து மன்னர் 1430களிலேயே எழுதிக் கொடுத்திருந்தனர். தார்நோவ்ஸ்கியைக் காத்தது எழுதப்பட்ட சட்டம். குஞ்ஞாலியிடம் இருந்தது ஒரு மனிதனின் வாய்ச்சொல் மட்டுமே.

ஆயின் சட்டம் இருந்தமையால் அங்கு நீதி நிறைந்திருந்தது என முடிவுகட்டலாகாது. அச்சட்டம் பிரபுக்களை மட்டுமே காத்தது. கிழமைக்கு ஒரு நாளேனும் பிரபுவின் நிலத்திற் கூலியின்றி உழைக்க வேண்டும் என 1520இல் விதிக்கப்பட்ட போலந்துக் குடியானவனுக்கு அக்காப்பு இல்லை. வலியவனுக்கு மட்டும் அளிக்கப்படும் உறுதி சலுகையாகும். வலியற்றவனுக்கு அளித்த உறுதி காக்கப்படும்போதே அது அறமாகின்றது. கோட்டையும் கலங்களும் கையிலிருந்த காலத்திற் குஞ்ஞாலிக்கு எவருடைய வாக்கும் தேவைப்படவில்லை. வாளைக் கொடுத்த அக்கணத்திலேதான் வாக்கு ஒன்றே அவருக்குத் துணையாயிற்று. அக்கணத்தில் அதை மீறுதல் எளிது. எளிது என்பதனாலேயே மீறாதிருத்தல் அறத்தின் உண்மையான சோதனையாகின்றது.

கீழ்க்கரையின் வரலாறும் இதனோடு இணைத்துச் சிந்திக்கத்தக்கது. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி அரசன் செனரத் அவர்களுள் ஏறக்குறைய 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான் எனப் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் குவேறோஸ் குறிப்பிடுகின்றார். அரசனுக்கு அதில் ஆதாயம் இருந்திருக்கலாம். கீழ்க்கரையைக் காக்க அவனுக்கு ஆட்கள் தேவைப்பட்டிருக்கலாம். எனினும் மாயாதுன்னை துணைக்கு வந்தவனின் தலையைக் கொடுத்த அதே தீவில், அடைக்கலம் புகுந்தவனுக்கு நிலம் கொடுத்த அரசனும் இருந்தான். தந்நலம் கருதியுங்கூட வாக்கைக் காத்தல் கூடும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

கடற்கரை ஊர்களிலே மரைக்காரின் பொறுப்பை அமானிதம் என்பர். பிறர் தம் உடைமையை நம்பி ஒப்படைக்க, அதனைக் குறைவின்றித் திருப்பிக் கொடுத்தலே அமானிதத்தின் பொருள். 2000ஆம் ஆண்டில், குஞ்ஞாலி இறந்து 400 ஆண்டுகள் நிறைந்தபோது, இந்திய அஞ்சற்றுறை அவர் நினைவாக முத்திரை வெளியிட்டது. மும்பாயிலுள்ள கடற்படைத் தளம் ஒன்றும் அவர் பெயரைத் தாங்குகின்றது. வீரத்துக்குரிய சிறப்பு அவருக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் வீரனைப் போற்றுவதோடு அவர் வாழ்வு எழுப்பும் வினா அடங்கிவிடுவதில்லை. ஆயுதம் தாழ்த்தியவனிடம், அடைக்கலம் புகுந்தவனிடம், இனித் தன்னைக் காத்துக்கொள்ள இயலாதவனிடம் ஒரு சமூகமும் அதன் அரசும் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதே அவ்வினா. புதுப்பட்டணத்தில் அன்று அவ்வாள் கைமாறியபோது சாமூதிரி ஏற்றுக்கொண்டது ஓர் அமானிதம். அதனைப் பகைவர் கையிற் கொடுத்த கணத்திலே, செஞ்சோற்றுக் கடனை முழுதும் தீர்த்தவர் வாளிழந்து நின்றவரே.