கையில் கிரீஸ் படட்டும்!

கடன் வாங்கி ஒரு தாரோ ஜிம்னியோ கூர்க்காவோ வாங்கி வாசலில் நிறுத்திவிட்டாய். கூரையில் கேரியர், முன்னால் லைட் பார், பக்கவாட்டில் ஸ்நார்க்கல். மாட்டாத சாமான் பாக்கியில்லை. ஆனால் பானட்டைத் தூக்கி, "இதில் கூலண்ட் எங்கே இருக்கிறது, காட்டு" என்றால் முழிக்கிறாய். "அதெல்லாம் மெக்கானிக் பார்த்துப்பாரு" என்கிறாய். தம்பி, மெக்கானிக் உன் தெருமுனையில் இருக்கிறார். நீ போகப்போவதோ மலைக்கு, காட்டுக்கு, ஆற்றுப்படுகைக்கு. அங்கே வண்டி கொதித்து நின்றால் போனில் சிக்னல்கூட இருக்காது. தங்கச்சி, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சூரியநெல்லிக்குப் போய்ப் பார். கொழுக்குமலை நம் தேனி மாவட்டத்து மலைதான். ஆனால் ஜீப் ஏறுவது கேரளத்துச் சூரியநெல்லி வழியாக. சூரிய உதயம் காண வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு இருட்டிலேயே ஜீப்புகள் கிளம்பும். பாதை என்று பெயர்தான், எல்லாம் கல்லும் பள்ளமும். அதில் ஆண்டுக்கணக்காக ஏறி இறங்கும் ஓட்டுநர் ஒருவர் காலையில் என்ன செய்கிறார் என்று கவனி. பானட்டைத் தூக்குவார். டார்ச் அடித்து ரிசர்வ் டப்பாவில் அளவு பார்ப்பார். ஹோஸை ஒரு அழுத்து அழுத்துவார். கிளிப் ஓரத்தில் விரலை ஓட்டி ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு நிமிட வேலை. எந்தக் கல்லூரியும் அவருக்கு இதைச் சொல்லித்தரவில்லை. நடுவழியில் வண்டி கொதித்தால் அன்றைய பிழைப்பு போச்சு என்பது தெரியும், அவ்வளவுதான். அவருக்கு வந்த கை உனக்கு வராதா?

ஹைவேயில் எண்பதில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். மலைத்தடத்தில் நீ நடக்கிற வேகத்தில் ஊர்கிறாய். முதல் கியர், எஞ்சின் கதறுகிறது, காற்றோ விசிறி இழுப்பது மட்டும்தான். ரேடியேட்டர் இடுக்கில் சேறும் புல்லும் அடைத்திருக்கும். அழகுக்கு மாட்டினாயே அந்த லைட் பார், அதுவும் தன் பங்குக்குக் காற்றை மறைக்கும். இவ்வளவு சூட்டையும் சுமந்து வெளியேற்றுவது சில லிட்டர் திரவம். அதன் பெயர்கூடத் தெரியாமல் வண்டி ஓட்டுவது வீரமா?

"நம்ம ஊர்ல என்ன பனியா உறையுது, பைப்புத் தண்ணியே போதும்" என்று ஒரு கூட்டம் சொல்லும். காதில் போட்டுக்கொள்ளாதே! உறையாமல் காப்பது கூலண்டின் ஒரு வேலை மட்டுமே. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கூலண்டின் அடிப்படையான எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் 107 டிகிரி வரை தாங்கும், 15 பி.எஸ்.ஐ. அழுத்த மூடியும் சரியாக இருந்தால் 129 டிகிரியைத் தொடும். லடாக்கின் கர்துங் லா 17,500 அடிக்கு மேல். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 83 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியில் சமாளித்த வண்டி அங்கே திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதே லடாக்கில் குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரி சாதாரணம். வெறும் தண்ணீர் உறைந்து விரிந்து எஞ்சின் பிளாக்கையே பிளந்துவிடும். பாதிக்குப் பாதி கலவையோ மைனஸ் 37 வரை உறையாது. அப்படியானால் முழுக்கக் கூலண்டையே ஊற்றிவிடலாமே என்கிறாயா? கூடாது. தண்ணீர் கலக்காத கிளைக்கால் மைனஸ் 13-லேயே உறையும். சூட்டைக் கடத்துவதிலும் தண்ணீருக்குப் பின்னால்தான் நிற்கும்.

போர்த் தண்ணீர் பக்கமே போகாதே. வெந்நீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிகிறதே, அதேதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கேன் என்ன விலை? ஒரு பிரியாணிக் காசு வருமா?

இனி கடைக்குப் போகலாம். கடைக்காரர், "பச்சையா, சிவப்பா?" என்பார். நிமிர்ந்து நின்று பதில் சொல்: "கலர் வேண்டாம், வகை சொல்லுங்க." நிறம் என்பது வெறும் சாயம், எந்த நிறம் எந்த வகைக்கு என்று பொதுவான சட்டம் எதுவும் கிடையாது. உள்ளே துருவைத் தடுக்கும் சரக்கு எது என்பதுதான் கணக்கு. சிலிக்கேட் சேர்ந்த பழைய வகை சுமார் இரண்டு ஆண்டுக்கு வரும். ஆர்கானிக் அமில வகையான ஓ.ஏ.டி. ஐந்து ஆண்டு வரை தாங்கும். ஜப்பான் நிறுவனங்கள் பலவும் சிலிக்கேட் இல்லாமல் பாஸ்பேட் சேர்த்ததைக் கேட்கும். உன் வண்டிக்கு எது? அதைச் சொல்ல வேண்டியது கடைக்காரரும் இல்லை, நானும் இல்லை. டேஷ்போர்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கிறதே ஓனர்ஸ் மேனுவல், அது சொல்லும். எடுத்துப் படி! கேனின் முதுகில் ஐ.எஸ். 5759 போன்ற தர எண் இருக்கிறதா என்று பார். ஒரு வகையோடு இன்னொன்றைக் கலக்காதே. துருத் தடுப்பு பலம் இழக்கும், சில சமயம் கூழாகவே திரிந்துவிடும்.

கூலண்ட் மாற்றும் வேலையில் நீ இறங்கும்போது அப்பா சிரிப்பார். பக்கத்து வீட்டு மாமா, "உனக்கெதுக்குப்பா இதெல்லாம்" என்பார். சிரிக்கட்டும். ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சின்தான் உன் மேஜை. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். இதில் மட்டும் துணிச்சல் காட்டாதே. ஹீட்டரை முழுச் சூட்டில் வை. அடியில் அகலமான தட்டு வைத்து டிரெய்ன் பிளக்கைத் திருகு. வருவது தெளிவாக இருந்தால் நல்லது. செம்மண் குழம்பாக வந்தால் உள்ளே துரு. எண்ணெய் மிதந்தால் ஹெட் கேஸ்கட் மேல் சந்தேகம் வை. அப்போது மெக்கானிக்கிடம் போ. ஆனால் விஷயம் தெரிந்தவனாகப் போ.

டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, ஓட்டி, ஆறவிட்டு, வடித்து, தெளியும்வரை கழுவு. இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். எட்டு லிட்டர் கொள்ளளவில் கழுவிய தண்ணீர் மூன்று லிட்டர் பிளாக்குக்குள்ளேயே தங்கிவிட்டது என்று வை. அதன்மேல் பாதிக்குப் பாதி ரெடிமேட் கலவை ஐந்து லிட்டர் ஊற்றினால், உள்ளே கூலண்ட் 31 சதவீதம்தான். தண்ணீர் கலக்காத கான்சென்ட்ரேட் வாங்கு. முதலில் நான்கு லிட்டரை அளந்து ஊற்று, மிச்சத்தை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்பு. பாதிக்குப் பாதி தானாக வந்துவிடும். எட்டாம் வகுப்புக் கணக்கு, இதற்கா பயந்தாய்?

அடுத்தது உள்ளே சிக்கிய காற்று. வண்டியின் மூக்கு மேடு பார்க்க நிறுத்தி, மெதுவாக ஊற்றி, மூடியைத் திறந்தே வைத்து எஞ்சினை ஐடிலிங்கில் விடு. முகத்தை மேலே நீட்டாமல் தள்ளி நின்று பார். குமிழ் குமிழாக வரும். 82 டிகிரியைத் தாண்டும் வாக்கில் தெர்மோஸ்டாட் திறக்கும்; மேல் ஹோஸ் சட்டென்று சுடும், மட்டம் பொசுக்கென்று இறங்கும். ஊற்று. குமிழ் நின்றதும் மூடு. ஹீட்டரில் சூடாகக் காற்று வந்தால் வேலை சுத்தம். சில்லென்று வந்தால் இன்னும் காற்று சிக்கியிருக்கிறது. சில புது வண்டிகளில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது. அவற்றுக்கு மேனுவல் சொல்லும் வழிதான் வழி.

மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அப்போதே மாற்று, அழுத்தம் நிற்காவிட்டால் 129 டிகிரிக் கணக்கெல்லாம் வீண். "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுடு, சூடே ஆகாது" என்று யாராவது யோசனை சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பு. எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் எரிபொருளைக் குடிக்கும், சீக்கிரம் தேயும்.

வடித்த பழசைச் சாக்கடையில் கொட்டாதே. அது விஷம், ஆனால் தித்திப்பு; தெருநாய் நக்கிவிடும். வாயால் டியூபில் உறிஞ்சி எடுக்கும் வேலையும் உனக்கு வேண்டாம். கேனில் அடைத்து, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்ஷாப்பில் கேட்டுக் கொடு.

மறுநாள் காலை எஞ்சின் ஆறியதும் ரிசர்வ் டப்பாவைப் பார். மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும். கடைசிக் காற்றும் வெளியேறியிருக்கிறது, பதறாதே. மேல் கோட்டுக்குள் நிரப்பு. தேதியையும் கிலோமீட்டரையும் மேனுவலின் கடைசிப் பக்கத்தில் உன் கையெழுத்தில் எழுது. அடுத்த மாதம் மலையேறும் நண்பன் கூப்பிட்டால், அவன் பானட்டையும் நீயே திற.