தீர்வை மூடிவைத்துப் போடுங்கள்

போளூரில் தனியாகவே பிளஸ் டூ நுண்கணிதம் படிக்கும் பிள்ளைகளே, பக்கத்து ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்தில் 1988-ல் கண்டறிந்த சிறுகோளுக்குக் கணிதமேதை ராமானுஜன் பெயர்தான். கும்பகோணத்தில் 1903-ல் அவர் கைக்கு வந்த ஜி. எஸ். கார் எழுதிய தொகுப்பு நூலில் சூத்திரங்கள் ஆயிரக்கணக்கில். முழு நிரூபணங்கள் அரிது. அந்தக் குறையே அவருக்கு ஆசிரியரானது, நிரூபணங்களைத் தாமே தேடினார்.

உங்கள் பாடநூலிலோ தீர்த்த எடுத்துக்காட்டுகள் ஏராளம். படிக்கும்போது எல்லாம் புரிந்ததுபோலவே இருக்கும், அதுவும் தொகையிடலில். கேள்வியை மட்டும் எழுதிக்கொண்டு, தீர்வை மூடிவைத்துப் போடுங்கள். சிக்கிய வரியை மட்டும் திறந்து பாருங்கள். தொகையிட்டு வந்த விடையை வகையிட்டால் கொடுத்த சார்பு திரும்ப வர வேண்டும். வராவிட்டால் பிழை எந்த வரியில் என்று அப்போதே தேடலாம்.